வழியனுப்பும் தீர்மானம்

விபத்தில் அடிபட்ட வண்டியைப் போய்ப் பார்த்து, எவ்வளவு இழப்பீடு தரலாம் என்று காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்வது என் வேலை. அதனால் சபையில் எனக்கு சர்வேயர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. வண்டிக்காரர் மரத்தில் மோதியதாகச் சொல்வார். கதவின் நசுங்கலில் பக்கத்து வண்டியின் நீலப் பெயின்ட் ஒட்டிக்கொண்டிருக்கும். நான் ஒன்றும் சொல்லாமல் நகத்தால் சுரண்டிப் பார்ப்பேன். இத்தனை வருஷம் இதையே செய்தவனுக்கு, யாராவது சிரித்த முகத்தோடு நலம் விசாரித்தால்கூட எந்தப் பக்கம் அடிபட்டிருக்கிறது என்று தேடத்தான் தோன்றும். இது ஒரு வியாதி என்பாள் மனைவி. இந்த வியாதியில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது என்பேன் நான்.

அப்படிப்பட்டவனிடம் போய் சபை வரலாற்றை எழுதச் சொன்னார் எங்கள் போதகர். சபைக்கு அது ஐம்பதாவது ஆண்டு. விழாவில் வாசிக்க நாலு பக்கம் வேண்டும் என்றார்.

"நீங்கதான் பிரதர் சரியான ஆளு. துருவித் துருவிக் கேப்பீங்க."

புகழ்ந்தாரா, குத்திக்காட்டினாரா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எங்களுடையது பாப்டிஸ்ட் சபை. பச்சைக் குழந்தையின் தலையில் தண்ணீர் தெளித்து அதைக் கிறிஸ்தவனாக்கிவிடுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. விவரம் தெரிந்து, தானே விசுவாசித்து, எல்லோர் முன்னாலும் சாட்சி சொல்ல வேண்டும். சபை கைதூக்கி ஏற்றுக்கொண்ட பிறகு மேடைக்கு அடியில் இருக்கும் தொட்டியில் முழுகி எழ வேண்டும். அப்பன் விசுவாசம் பிள்ளைக்கு வராது. புருஷன் தூக்கின கையில் பெண்டாட்டியின் கை அடங்காது. எங்களுக்கு மேலே உட்கார்ந்து உத்தரவு போட ஆயரும் கிடையாது. சுண்ணாம்பு அடிப்பதிலிருந்து போதகரை வைத்துக்கொள்வதுவரை உறுப்பினர் கூட்டத்தில் கைதூக்கித்தான் முடிவு.

இந்தச் சபை எப்படித் தொடங்கியது என்பதைப் பிள்ளைகள்கூட மனப்பாடமாகச் சொல்லும். கடைவீதியில் இருக்கும் தாய்ச்சபை, ஊரின் இந்தப் பக்கத்தில் சுவிசேஷம் சொல்லப் பதினோரு பேரை ஜெபத்தோடும் கண்ணீரோடும் வழியனுப்பி வைத்தது. அவர்கள் லாரிக்கு பாடி கட்டும் கொட்டகையில் கூடினார்கள். கல்குவாரிக் குட்டையில் முதல் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். இப்போது நாங்கள் இருக்கும் கட்டடம் பிறகு வந்தது.

அந்தப் பதினோரு பேரில் என் மாமனாரும் ஒருவர். சாவதற்குக் கொஞ்ச காலம் முன்பு அவருடைய வாயைக் கிளறினேன்.

"கண்ணீரா?" என்று சிரித்தார். "பியானோ வாங்க வேண்டாம்னு கூட்டத்துல கை தூக்கினவங்க பதினோரு பேரு, மாப்ள. ஊழியத்துக்குப் போங்கன்னு அனுப்பினதும் அதே பதினோரு பேரத்தான்."

அவர் அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரலாற்றை எழுதும்போது ஜெபத்தை வைத்துக்கொண்டு கண்ணீரை மட்டும் எடுத்துவிட்டேன்.

நான் எழுதி முடித்த அதே வாரம் போதகர் பிரசங்கத்தின் முடிவில் ஒரு குண்டைப் போட்டார். தொழிற்சாலைச் சாலையைத் தாண்டி புதுக்குடியிருப்பு ஒன்று வந்திருக்கிறது, அடுக்கடுக்காக வீடுகள், ஒரு சபை கிடையாது. "நாமளும் ஒரு கூட்டத்தை அனுப்பணும். நாம அனுப்பப்பட்டவங்கதானே" என்றார். எல்லோரும் ஆமென் என்றார்கள். நான் போன வருஷத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் பக்கச் சுவரை இடித்து மண்டபத்தைப் பெரிதாக்க வேண்டும் என்று போதகர் ஒரு திட்டம் கொண்டுவந்தார். நான் எதிர்த்துப் பேசினேன். என் மனைவியின் அண்ணன், பேக்கரி வைத்திருக்கும் மச்சான், என்னோடு சேர்ந்தார். பள்ளிக்கூடத்து டிராயிங் வாத்தியாரும் சேர்ந்தார். எங்களைப் பார்த்து இன்னும் சிலர் கைதூக்க, திட்டம் குப்புற விழுந்தது. போதகர் அன்று எங்கள் கையைக் குலுக்கி, "கர்த்தருக்குச் சித்தமில்ல, அவ்வளவுதான்" என்றார். தோற்றுப் போனவன் கைகுலுக்கினால் எனக்கு மூக்கில் வியர்க்கும்.

இப்போது அவர் வீடு வீடாகப் போகத் தொடங்கினார். முதலில் மச்சான் வீடு. பிறகு வாத்தியார் வீடு. மூன்றாவது எங்கள் வீடு.

அன்று வேனொன்றைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பினேன். வாசலில் போதகரின் செருப்பு. சமையலறையில் பேச்சும் சிரிப்பும். நான் உள்ளே காலை வைத்ததும் இரண்டும் நின்றன. மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். போதகர் கையில் தண்ணீர் டம்ளரோடு ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்றார்.

"என்ன பாஸ்டர், என்ன பேசிட்டிருந்தீங்க?"

"சும்மாதான் பிரதர். இந்தப் பக்கம் வந்தேன்."

சும்மா என்ற சொல்லைக் கேட்டாலே வண்டியை இன்னொரு சுற்று சுற்றி வருகிறவன் நான். அவர் போனதும் மனைவியைப் பிடித்துக்கொண்டேன்.

"எதுக்கு வந்தாரு?"

"உங்களப் பத்தித்தான் பேசினாரு."

"என்னப் பத்தி என்ன?"

"அவரே உங்ககிட்ட சொல்றேன்னிருக்காரு. நான் சொன்னா அதையும் குடைவீங்க. அவரு வாயாலயே கேட்டுக்கோங்க." வெங்காயத்தை வாணலியில் போட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் சந்தேகம் அந்த மாதிரி சந்தேகம் இல்லை. போதகர் அவளைவிடப் பத்து வயது இளையவர், முன்பு பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். அவள் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். சந்தேகத்துக்கும் ஒரு தரம் வேண்டாமா? நான் சந்தேகப்பட்டது வேறு. போன வருஷம் எதிர்த்த எங்களை ஊழியம் என்ற பேரில் நைசாகக் கை கழுவிவிடப் பார்க்கிறார், அதற்கு என் வீட்டுக்குள்ளேயே ஆள் பிடிக்கிறார் என்றுதான்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் ஒரு கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்கு அளவாக லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறாள். வாரம் முழுக்க அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தச் சபையின் மூன்றாவது பெஞ்சில் அவள் ஜன்னலோரம், நான் நடைபாதையோரம். பாட்டுப் புத்தகம் ஒன்றுதான் எடுப்போம். என்னிடமிருந்து யாராவது எதையாவது பிடுங்க நினைத்தால் அவர்கள் பிடுங்கக்கூடியது அந்த பெஞ்ச் ஒன்றுதான். அதை விட்டுவிட்டுத் தொழிற்சாலைச் சாலைக்குப் போய் அந்நியன்போல உட்கார எனக்கு உடம்பில் தெம்பு இல்லை.

சனிக்கிழமை மத்தியானங்களில் அவள் அந்தக் குடியிருப்புக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை, அவள் ஏறிய பஸ்ஸின் பின்னால் ஸ்கூட்டரில் போனேன். கேவலமான வேலைதான். ஆனால் ஸ்தலத்தைப் பார்க்காமல் எந்த சர்வேயரும் அறிக்கை எழுத மாட்டான்.

பழைய டயர் கிடங்கு ஒன்றுக்குள் அவள் நுழைந்தாள். நான் எதிரே இருந்த தண்ணீர்த் தொட்டியின் மறைவிலிருந்து நோட்டம் விட்டேன். சுவரில் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. வாசலில் புத்தம் புது மின்சார மீட்டர். உள்ளே எங்கள் சபையின் பின்னறையில் கிடந்த பெஞ்சுகள். போதகர் ஏணிமேல் நின்று மின்விசிறி மாட்டிக்கொண்டிருந்தார், என் மனைவி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளோடு பாடிக்கொண்டிருந்தாள். வீட்டில் அவள் பாடி நான் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

இதை முடிவு செய்ய உறுப்பினர் கூட்டம் இன்னும் கூடவேயில்லை. ஒரு கையும் தூக்கப்படவில்லை. அதற்குள் மீட்டர் வந்துவிட்டது. வண்டியைத் திருப்பி நேராக மச்சானின் பேக்கரிக்குப் போனேன்.

மச்சான் பின்பக்கம் அடுப்பிலிருந்து பன் தட்டுகளை இழுத்துக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தட்டை அடுக்கில் சொருகிக்கொண்டே கேட்டார்.

"மாப்ள, என் வீட்டுக்கும்தான் வந்தாரு. நீ போறியான்னு ஒரு வார்த்தை கேக்கல. பன்னு நல்லா இருக்குன்னாரு."

"அதுதான் மச்சான் நூல் விட்டுப் பாக்கறது."

"அம்மாவுக்கு மூட்டு வலி எப்படி இருக்குன்னாரு."

"ஆழம் பாக்கறாரு."

"ஜெபம் பண்ணிட்டுப் போனாரு."

மச்சான் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சரி, இப்ப என்னங்கற?"

என் திட்டத்தைச் சொன்னேன். கூட்டத்தில் போதகர் ஆட்களைப் பேர் சொல்லி அழைத்துவிட்டால், முடியாது என்பவன் கர்த்தருக்கே முடியாது என்றவனாகிவிடுவான். அதற்கு முன்னால் நான் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறேன். யாரும் யாரையும் பேர் சொல்லக் கூடாது. போக விரும்புகிறவர்கள் அவரவராக எழுந்து நிற்க வேண்டும். அப்படி நின்றவர்களை மறுபேச்சு இல்லாமல், கேள்வி இல்லாமல் சபை வழியனுப்ப வேண்டும். இங்கே இருக்கும் வசதியை விட்டுவிட்டு எவன் எழுந்து நிற்கப்போகிறான்? எல்லோரும் குனிந்து செருப்பைப் பார்ப்பார்கள். திட்டம் அங்கேயே படுத்துவிடும், யார்மேலும் பழி வராது.

"நீ பெரிய வக்கீலாப் போயிருக்கணும்" என்றார் மச்சான். "சரி, நான் வழிமொழியறேன். ஆனா எங்கயோ இடிக்குது மாப்ள."

"எங்க இடிக்குது?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?"

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூட்டம். சபைக் காரியங்களைக் கவனிக்கும் டீக்கன்மாரில் மூத்தவர் ஒரு பல் டாக்டர், அவர்தான் தலைமை. வாயைத் திறக்கச் சொல்லிப் பழகியவர் என்பதால் யார் பேசினாலும் பொறுமையாகக் கேட்பார். போதகர் மேடையில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து தீர்மானத்தைச் சொன்னேன். மச்சான் வழிமொழிந்தார். டாக்டர் போதகரைத் திரும்பிப் பார்த்தார். போதகரின் முகத்தில் ஒரு நிமிஷம் என்னவோ வந்து போனது. மாட்டிக்கொண்டவனின் முகம் எனக்கு நன்றாகத் தெரியும். இது அப்படியில்லை. சுமை இறங்கியவன்போல இருந்தது. நடிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

எல்லாக் கைகளும் உயர்ந்தன. என் மனைவியின் கையும்தான். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

"அப்ப, போக விரும்பறவங்க எழுந்து நில்லுங்க" என்றார் டாக்டர்.

நான் நினைத்தபடியே எல்லோரும் செருப்பைப் பார்த்தார்கள். மின்விசிறிகளின் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு உள்ளுக்குள் குஷி பொங்கியது. சரி, முடிந்தது என்று சாய்ந்து உட்காரப் போனேன்.

போதகர் மேடையிலிருந்து இறங்கினார். முன்பெஞ்சுக்குப் பக்கத்தில், ஜனங்கள் நிற்கும் தரையில் வந்து நின்றார்.

"நான் போறேன்" என்றார்.

யாருக்கும் முதலில் புரியவில்லை. புரிந்ததும் கூட்டம் கலைந்த தேன்கூடுபோல ஆகிவிட்டது. பின்னாலிருந்து ஒருவர் சத்தமாகக் கேட்டார். "பாஸ்டரே போயிட்டா எங்கள யாரு பாக்கறது? இது எப்படி விட முடியும்?"

டாக்டர் கையை உயர்த்தினார். "மறுபேச்சு கிடையாது. கேள்வியும் கிடையாது. தீர்மானம் அப்படித்தான். கொண்டுவந்தவர் அதோ மூணாவது பெஞ்சுல உக்காந்திருக்காரு."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் குனிந்து செருப்பைப் பார்த்தேன்.

அதற்குள் பியானோ வாசிக்கும் பெண்ணும் அவள் புருஷனும் எழுந்துவிட்டார்கள். பிறகு ஒரு குடும்பம். பிறகு டிராயிங் வாத்தியார். போன வருஷம் என்னோடு கைதூக்கிய மனுஷன். நான் அவரை முறைத்தேன்.

"சுவர் வேண்டாம்னுதான் சொன்னேன் சர்வேயர்" என்றார் அவர். "ஜனங்க வேண்டாம்னா சொன்னேன்?"

எழுந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். அப்போதுதான் எங்கே இடிக்கிறது என்று தெரிந்தது. வியாதியஸ்தர்களைப் போய்ப் பார்க்கிறவர்கள், பெஞ்ச் துடைக்கிறவர்கள், சண்டை போட்டால் முதலில் போன் பண்ணுகிறவர்கள், எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சான்கூட பாதி எழுந்து, அம்மாவின் மூட்டு ஞாபகம் வந்ததுபோல மறுபடி உட்கார்ந்தார்.

ஜன்னலோரத்தில் அசைவு தெரிந்தது. என் மனைவி எழுந்து நின்றாள்.

"உக்காரு" என்றேன், வாய்க்குள்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை. பஸ்ஸில் இடம் பிடித்துவிட்டுக் கூப்பிடுகிறவள்போலக் கையை நீட்டினாள். "வாங்க. எழுந்திரிங்க."

எனக்கும் அந்தக் கையைப் பிடிக்கத்தான் தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது. ஆனால் அதற்குள் மண்டையில் இன்னொன்று ஓடிவிட்டது. இப்படிக் கை நீட்டச் சொல்லிக்கொடுத்தது யார்? அன்று சமையலறையில் பேசியது இதைத்தானா? நான் எழுந்தால் யாருக்கு லாபம்? போதகரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடி நின்றார். கண்ணை மூடியிருக்கிறவனை எப்படிக் கணக்குப் போடுவது?

நான் போதகரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அவள் கை அங்கே இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நின்றவர்களையெல்லாம் டாக்டர் மேடைக்கு முன்னால் முழங்காலில் நிற்க வைத்தார். எங்கள் வழக்கப்படி, ஊழியத்துக்குப் போகிறவர்கள் தலையில் டீக்கன்மார் கை வைத்து ஜெபித்து அனுப்ப வேண்டும். நானும் ஒரு டீக்கன். போனேன். வரிசையில் எனக்கு முன்னால் வந்தது அவள் தலை. வகிடில் நாலைந்து நரைமுடி, ஷாம்பு வாசனை. எத்தனை வருஷமாகப் பக்கத்தில் படுத்திருக்கிறேன், இந்தத் தலையில் இப்படிக் கை வைத்ததேயில்லை. டாக்டர் ஜெபித்தார். வழியனுப்புகிறோம் ஆண்டவரே என்றார். ஆமென் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தாய்ச்சபையில் அன்றைக்குக் கண்ணீர் இருந்ததோ இல்லையோ, இங்கே இருந்தது.

வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் சாப்பிட்டோம். அதாவது தட்டில் கை வைத்தோம். கடைசியில் நானே ஆரம்பித்தேன்.

"எல்லாம் முன்னாடியே பேசி வச்சதுதானே?"

"அவரு போகப்போறது எனக்குத் தெரியும்" என்றாள். "சபையில சொன்னா விடமாட்டாங்கன்னு வாயத் திறக்காம இருந்தாரு. உங்க தீர்மானம்தான் அவருக்கு வழி திறந்து விட்டுச்சு."

"அந்தக் கிடங்கு? மீட்டர்?"

"அவரு கைக்காசு. யாரும் வரலன்னாலும் தனியாப் போறதா இருந்தாரு. பெஞ்சு மட்டும் டாக்டர்கிட்ட கேட்டு இரவலா எடுத்துட்டுப் போனாரு." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மீட்டர் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் தண்ணீர் குடித்தேன். அவள் அதை விட்டுவிட்டாள்.

"அன்னைக்குச் சமையலறையில என்ன பேசினாருன்னு கேட்டீங்களே. தான் போனப்புறம் சபைய உங்ககிட்டதான் ஒப்படைக்கணும்னாரு. பிரதர் லேசில யாரையும் நம்ப மாட்டாரு, அவரு இருந்தா இங்க எவனும் வந்து ஏமாத்த முடியாது, நீங்க கொஞ்சம் பேசி சம்மதிக்க வைங்க அக்கான்னாரு. நேர்ல கேக்கறேன்னு சொல்லிட்டுப் போனாரு, ஆனா உங்ககிட்ட வந்து கேக்கத் தைரியம் வரல அந்தத் தம்பிக்கு."

"நீ என்ன சொன்னே?"

"முடியாதுன்னேன்." தட்டை நகர்த்தி வைத்தாள். "வேற ஆளப் பாருங்க தம்பி, நான் கிளம்பினா அவரும் கூடவே கிளம்பிடுவாருன்னேன். நிச்சயமாத் தெரியுமா அக்கான்னு கேட்டாரு. இதுகூடத் தெரியாமலா ஒருத்தர்கூட வாழ்ந்துட்டு இருக்கேன்னு சிரிச்சேன். நீங்க உள்ள வந்தப்ப அதுக்குத்தான் சிரிச்சிட்டிருந்தோம்."

எனக்கு அழ வேண்டும்போல இருந்தது. எழுந்து போய் அவள் கையைப் பிடித்திருக்க வேண்டும். மேசையைச் சுற்றி நாலு எட்டு வைத்தால் போதும். ஆனால் அந்த நேரத்திலும் என் மனதுக்குள் முதலில் எழுந்து நின்றது ஒரு கேள்விதான். நான் இங்கே கிடந்து வேகட்டும் என்று, இதைச் சொல்லச் சொல்லிக்கொடுத்ததும் போதகர்தானோ? அப்படி நினைத்ததற்காக எனக்கே என்மேல் பயம் வந்தது.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதையும் நெனச்சுட்டீங்க, இல்ல?" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.